காசு கொடுத்து வாங்குன படம், பாட்டு, புக்கு கைய விட்டுப் போகாம பாத்துக்குறது எப்படி

அம்மாவுக்கு ஒரு ஆப்புல பழைய படமா தேடித் தேடி வாங்கிக் கொடுத்தேன், ஒருநாள் தொறந்து பாத்தா அதுல மூணு படத்த காணோம், கேட்டா உரிமம் முடிஞ்சிருச்சாம். "காசு கொடுத்துதானே வாங்குன?"னு அம்மா கேட்டாங்க, எனக்கு பதில் சொல்லத் தெரியல. இங்க பினாங்குல யாருக்கும் இனி அப்படி ஆகக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

பட்டன்ல 'வாங்கு'ன்னு இருந்தாலும் பெரும்பாலும் அவங்க விக்கிறது பாக்குற அனுமதிய மட்டும்தான். 2019-ல மைக்ரோசாப்ட் மின்னூல் கடைய மூடுனப்ப காசு திரும்பி வந்துச்சு, ஆனா புக்கு எல்லாம் போச்சு.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு பாருங்க, ஃபைல டவுன்லோட் பண்ணி எந்த மெஷின்லயும் போட முடியுமா? பாட்டுக்கு பேண்ட்கேம்ப், கேமுக்கு ஜிஓஜின்னு ரெண்டு ஆன்லைன் கடை இருக்கு, ரெண்டுலயும் காப்பி எடுக்க விடாம தடுக்குற பூட்டு இல்லாம கிடைக்கும். வாங்குன அன்னிக்கே இறக்கி ரெண்டு ஹார்ட்டிஸ்க்குல வச்சிருங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க லா. அமேசானோட கிண்டில் மின்னூல கம்ப்யூட்டர்ல இறக்கி யூஎஸ்பி வழியா மாத்துற வசதிய 2025 பிப்ரவரி 26-ல எடுத்துட்டாங்க, தள்ளிப் போட்டவங்களுக்கு அந்த வழி அதோட முடிஞ்சுபோச்சு.

படத்துக்கு டிஸ்க்குதான் நல்லது. ஆனா அதுலயும் ஒரு பூட்டு இருக்கு, உலகத்த ரீஜன் ரீஜனா பிரிச்சு, ஒரு ரீஜன் டிஸ்க்கு இன்னொரு ரீஜன் ப்ளேயர்ல ஓடாத மாதிரி வச்சிருக்காங்க. டிவிடியில மலேசியா ரீஜன் 3, இந்தியா 5, ப்ளூரேன்னா நமக்கு ஏ அவங்களுக்கு சி, அதனால சென்னைக்குப் போறப்ப அள்ளிட்டு வர்றவங்க அட்டையோட பின்பக்கத்த பாத்து எல்லா ரீஜன்லயும் ஓடுறதா எடுங்க, இல்லன்னா வீட்டு ப்ளேயர்ல ஓடாம போகலாம்.

பூட்ட உடைக்கிற சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க, நம்ம 1987 காப்புரிமைச் சட்டத்துல பிரிவு 36ஏ அத தடுக்குது, நீங்க காசு கட்டுன பொருளா இருந்தாலும் மாட்டிக்கிட்டா சிரமம்.

ரசீதையும் 'வாங்கு' பட்டன் தெரியுற பக்கத்தையும் படம் பிடிச்சு வைங்க. பொருள் காணாம போனா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க, வாயால பேசுனது எதுக்கும் நிக்காது. பதில் வரலன்னா, கம்பெனிக்கு இங்க ஆபீஸ் இருந்தா பயனீட்டாளர் ட்ரிபியூனலுக்குப் போகலாம், 5 வெள்ளி கட்டணம், வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ஆனா 3 வருஷத்துக்குள்ள போடணும். மனு எழுதத் தெரியலன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல போயி கேளுங்க, ரசீத மறக்காம எடுத்துட்டுப் போங்க.