மட்டக்களப்பில் மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டனின் பாட்டன் யார், எந்த ஊரார் என்று தேடத் தொடங்கும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். லண்டன், டொரொன்டோவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். காரைதீவிலும் களுவாஞ்சிக்குடியிலும் இருந்துகொண்டு அம்மம்மாவின் பெட்டியைக் கிளறுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் தொடக்கத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப் பிழை, பழைய கையெழுத்து விளங்காமை போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பரம்பரையை அப்பா வழியில் மட்டும் ஏற்றுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். நம் பகுதியில் குடி, அதாவது ஒருவர் சேர்ந்த வம்சப் பிரிவு, தாய்வழி என்பதை எல்லாரும் அறிவார்கள். அப்பா காலிங்க குடி, அம்மா படையாண்ட குடி என்றால் பிள்ளைகள் படையாண்ட குடிதான். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணிடம் நிற்கும்; ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். ஆகவே அப்பப்பா வாழ்ந்த ஊர்தான் அவர் பிறந்த ஊர் என்று சொல்ல முடியாது. அவருடைய அப்பாவும் வேறோர் ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம். இதெல்லாம் தெரிந்த பிள்ளைகூடப் பேனாவை எடுத்ததும் அப்பா, அப்பாவின் அப்பா என்று நேர்கோடு போட்டு, எல்லாரையும் ஒரே ஊரில் தேடுகிறது.

மண்முனைப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் கோயில் கொப்பி ஒன்றின் படம் இருந்தது. அவருடைய குடிக்குரிய வண்ணக்கர்மாரின் (கோயில் நிர்வாகிகளின்) பெயர்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. அவர் அதைத் தகப்பன், மகன், பேரன் என்று வாசித்து, அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலரில் வம்ச வரிசையாக அச்சிட்டுவிட்டார். மலரைக் கையில் வாங்கிய ஒரு முதிய உறவினர் இரண்டாம் பெயரில் விரலை வைத்து, "இவர் அவர்ர மகனில்ல மனே, மருமகன்" என்றார். வண்ணக்கர் உரிமை மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போயிருக்கிறது. மகன் தாயின் குடியைச் சேர்ந்தவன். தகப்பனின் குடிக்குரிய பதவி அவனுக்கு எப்படி வரும்? அந்த வரிசையில் ஓரிடத்தில்கூடத் தகப்பனும் மகனும் அடுத்தடுத்து வரவில்லை. அதற்குள் மலர் பல வீடுகளுக்குப் போய்விட்டது. இனி அடுத்த தலைமுறை அதைத்தான் ஆதாரமாகக் காட்டும். ஒரு குடும்பத்தின் நினைவையே மாற்றிவிடக்கூடிய பிழை இது. நடு வீட்டுக் கட்டிலில் கிடந்த மூத்த பெண் ஒருவரிடம் "அவர் என்ன குடி?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

காணி உறுதியிலும் (நிலப் பத்திரத்திலும்) இதே கவனம் வேண்டும். மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் பழைய வழமையில் ஆணின் முதுசொம் (பரம்பரைச் சொத்து) அவனுடைய மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகுதான் சொத்து பிள்ளைகளுக்குப் போவது சட்டமானது. அதற்கு முந்திய உறுதியில் வயல் மருமகன் பெயருக்கு மாறியிருப்பதைப் பார்த்து, "அவருக்குப் பிள்ளை இல்லைப்போல" என்று முடிவு கட்டாதீர்கள். பெண்கள் வழி வந்த வளவு உறுதிகளை முதலில் எடுங்கள். தாய், மகள், பேத்தி என்று அவை ஊர் மாறாமல் ஒரே கோட்டில் வரும். எல்லை விபரத்தையும் விடாதீர்கள்: "கிழக்கு இன்னார் பெண்சாதி இன்னாள் வளவு" என்ற ஒரு வரியில் ஒரு தங்கையோ பெரியம்மாவோ அகப்படலாம்.

பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று என்று நினைப்பது

ஒரே ஊரில் சின்னத்தம்பிகள் பலர் இருப்பார்கள். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். போடி என்பது வயல் உடையவர்களுக்கு வழங்கும் பட்டம், குடும்பப் பெயரல்ல; அதைப் பிடித்துக்கொண்டு சொந்தம் தேட முடியாது. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தபோது சாமித்தம்பியின் மகன் மயில்வாகனம். துறவுப் பெயரை வைத்துப் பிறப்பைத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கதையும் இதேதான். 1814இல் மெதடிஸ்த மிஷன் புளியந்தீவுக்கு வந்த பிறகு, வீட்டில் ஒரு பெயரும் மிஷன் கோவில் பதிவில் இன்னொரு பெயருமாக வாழ்ந்தவர்கள் உண்டு. தகப்பன், தாய், ஊர் மூன்றும் பொருந்தும்வரை இரண்டு பதிவுகளை ஒட்டாதீர்கள்.

1961க்கு முந்திய ஆளை அம்பாறை மாவட்டத்தில் தேடுவது

அப்போது அப்படியொரு மாவட்டமே இல்லை. திருக்கோவிலோ நிந்தவூரோ, மட்டக்களப்பு என்றுதான் இருக்கும்; அதற்குள் பற்றின் (பழைய நிர்வாகப் பிரிவின்) பெயரால் தேடுங்கள்.

ஓலைச் சாதகத்தின் ஆண்டை அவசரப்பட்டு ஆங்கில ஆண்டாக மாற்றுவது

பார்த்திப வருடம் 1825இலும் வந்தது, 1885இலும் வந்தது. அறுபது வருடம் தவறினால் மகன் தகப்பனுக்கு முந்திப் பிறந்துவிடுவான். தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும் என்பதையும் மறக்கிறார்கள்.

பிறப்புப் பதிவு இல்லையென்று கைவிடுவது

குடிசார் பிறப்புப் பதிவு 1860களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. அதன் பிறகும் எல்லாரும் உடனே பதியவில்லை. 1850இல் பிறந்தவருக்குக் கச்சேரியில் (அரச செயலகத்தில்) பிறப்புப் பத்திரம் கேட்டு நிற்பதில் பயனில்லை. அவருடைய பிள்ளைகளின் விவாகப் பதிவையும் அவருடைய மரணப் பதிவையும் கேளுங்கள்.

படம் எடுப்பதை நாளைக்குத் தள்ளுவது

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போன பெட்டிகள் எத்தனை, 2004 சுனாமியில் கரைந்த உறுதிகள் எத்தனை. ஏட்டைக் கண்ட அன்றைக்கே இரு பக்கமும் படம் எடுத்து, யார் வீட்டில் எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் எழுதிவைத்துவிடுங்கள். ஏடு அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.