எச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து மருத்துவச் செலவை எடுப்பது எப்படி

அமெரிக்காவில் அதிக டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) உள்ள இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் எச்.எஸ்.ஏ. எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடும் பணத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. முதலீடு செய்து வளர்ந்தாலும் கிடையாது, மருத்துவத்துக்கு எடுத்தாலும் கிடையாது. சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் போகும் 7.65 சதவீதமும் மிச்சமாகும். வங்கியிலிருந்து நீங்களே போட்டால் அது கிடைக்காது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாநிலங்கள் மட்டும் இந்தச் சலுகையை ஏற்பதில்லை.

2026-க்கான வரம்பு தனிநபருக்கு 4,400 டாலர், குடும்பத்துக்கு 8,750. 55 வயது ஆனவர்களுக்கு மேலும் 1,000. நிறுவனம் போடும் தொகையும் இதற்குள்தான் அடங்கும். மீறினால், அதிகப்படியை எடுக்கும்வரை ஆண்டுதோறும் அதன்மேல் 6 சதவீத வரி. கணவனோ மனைவியோ தங்கள் அலுவலகத்தில் சாதாரண மருத்துவ எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் வரியில்லாமல் பிடித்துவைக்கும் கணக்கு) வைத்திருந்தால் நீங்கள் எச்.எஸ்.ஏ.யில் பணம் போடவே முடியாது. அடுத்த ஆண்டுக்கான அலுவலகத் திட்டங்களைத் தேர்வுசெய்யும் நவம்பரில் ஆளுக்கொரு திட்டத்தைத் தனித்தனியே டிக் செய்யும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

இன்சூரன்ஸ் திட்டம் தொடங்கியதுமே, சிறு தொகையாவது போட்டுக் கணக்கைத் திறந்துவிடுங்கள். கணக்கு தொடங்குமுன் நடந்த சிகிச்சைக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது.

மருத்துவமனை பில் வந்தவுடன் எச்.எஸ்.ஏ. கார்டைத் தேய்க்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் இ.ஓ.பி. (அவர்கள் எவ்வளவு கட்டுகிறார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று விளக்கும் தாள்) வரட்டும். அதில் உங்கள் பங்காகக் காட்டியிருக்கும் தொகையும் பில்லும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே கட்டுங்கள். பில்லில் கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் இன்சூரன்ஸின் பேரம்பேசிய விலை இன்னும் கழிக்கப்பட்டிருக்காது. பில்லிங் பிரிவைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கையில் பணம் இருந்தால் சொந்தக் காசிலேயே கட்டிவிட்டு, எச்.எஸ்.ஏ. பணத்தை வளரவிடுவதுதான் நல்லது. திரும்ப எடுக்கக் காலக்கெடு இல்லை. இன்றைய பல் சிகிச்சைக்கான பணத்தைப் பதினைந்து ஆண்டு கழித்தும் எடுக்கலாம். ஆனால் ரசீது வேண்டும். நோயாளி பெயர், தேதி, சிகிச்சை விவரம், தொகை நான்கும் அதில் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு துண்டுச்சீட்டு போதாது. வெப்பத்தாளில் அச்சிட்டது மங்கிவிடும். அன்றைக்கே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ ரூட் கனால் செய்தாலும், கண்ணாடி வாங்கினாலும் அந்தச் செலவு செல்லும். ரூபாய் ரசீதோடு அன்றைய டாலர் மதிப்பையும் குறித்து வையுங்கள். மருந்து வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் பொதுவாகச் செல்லாது. மனதுக்கு வருத்தமான விதி ஒன்றும் உண்டு: இந்தியக் குடிமக்களாக இந்தியாவிலேயே வாழும் அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்தப் பணத்தை எடுக்க முடியாது. நீங்களே முழுக்கச் செலவழித்தாலும், அமெரிக்க வரிச் சட்டம் அவர்களை உங்கள் சார்ந்தோராக ஏற்பதில்லை. அவர்கள் இங்கே வரும்போது எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் பிரீமியமும் இதே கதைதான். 65 வயதுக்குமுன் தவறாக எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் சேரும்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், கணக்கிலிருந்து எடுத்த தொகையைக் காட்டும் 1099-எஸ்.ஏ. படிவம் வரும். அதிலுள்ள மொத்தத்தையும், அதில் மருத்துவத்துக்குப் போனதையும் 8889 படிவத்தில் எழுதி வருமான வரிக் கணக்கோடு சேருங்கள். ரசீதுகளை அனுப்ப வேண்டாம். கேட்டால் காட்ட உங்களிடமே இருக்கட்டும்.