தீவுக்குள் கடல் ஓடக் கூடாது: சிமுலேஷன் முடிவை கிரிட்டாக மாற்றும்போது நடக்கும் தவறுகள்

மொரிசியஸ் தீவின் நடுவே உள்ள கியூர்பிப், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். அந்த ஊருக்கு நடுவே நீரோட்ட அம்புகள் ஓடுவதை என் திரையிலேயே பார்த்திருக்கிறேன். கடல் நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட்ட சிமுலேஷன் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் முடிவைச் சதுர கிரிட்டாக, அதாவது சம அளவுக் கட்டங்களாக எடுத்தபோதுதான் கெட்டது.

மொரிசியஸைச் சுற்றிய கடலுக்கு முக்கோண மெஷ் (கடலை முக்கோணங்களாகப் பிரிக்கும் வலை) போட்டால் தீவு அதன் நடுவே ஒரு ஓட்டையாக இருக்கும். பைதான் நூலகமான சைபையில் (SciPy) உள்ள கிரிட்டேட்டா (griddata) என்ற கருவிக்கு அந்த ஓட்டை தெரியாது. நாம் கொடுக்கும் புள்ளிகளை மட்டும் வைத்துப் புதிதாக முக்கோணம் போட்டு, கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் நேராக இணைத்துவிடும். அதற்குப் பதிலாக மாடலின் முக்கோணப் பட்டியலையே கொடுங்கள். மேட்பிளாட்லிப் (Matplotlib) என்ற இன்னொரு பைதான் நூலகத்தின் லீனியர் ட்ரை இன்டர்போலேட்டர் (LinearTriInterpolator) அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மெஷ்ஷுக்கு வெளியே விழும் புள்ளிகளை மறைத்துத் தரும்.

அப்படி மறைந்த இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் அங்கே தண்ணீர் அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம். தரவு இல்லை என்பது வேறு. -9999 போடுவதாக இருந்தால் அதுதான் வெற்றிடக் குறி என்று பைலிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் சராசரி எடுக்கும்போது அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்புறம், கட்டத்தின் அளவு. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் புவான்ட் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் தரைதட்டியது. சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தது. அது போன்ற நேரத்தில் எண்ணெய் திட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1 கிலோமீட்டர் கட்டம் போட்டால் திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள குறுகிய லகூன் முழுதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், பதிலும் அதோடு போய்விடும். அதற்காக 200 மீட்டர் முக்கோணத்திலிருந்து 10 மீட்டர் கிரிட் எடுப்பதும் வீண்தான். பைல் 400 மடங்கு பெருக்கும், புதிய தகவல் ஒன்றும் வராது. எண்ணெயின் மொத்த எடையை மெஷ்ஷிலும் கிரிட்டிலும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். சாதாரண இன்டர்போலேஷன் (பக்கத்துப் புள்ளிகளை வைத்து இடையில் உள்ள மதிப்பைக் கணக்கிடுவது) அந்த எடையைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

திசைக் கோணத்தை நேரடியாக இன்டர்போலேட் செய்வதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற தவறு. தீவின் தெற்கே, சுயாக் பக்கம் உள்ள கிரி-கிரி கடற்கரையில் பவளத்திட்டு காவலுக்கு இல்லை. தெற்கே பிறந்த அலை நேராகக் கரையில் மோதும். அலை போகும் திசை ஒரு புள்ளியில் 355 பாகை, பக்கத்துப் புள்ளியில் 5 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 180. கரைக்கு வருகிற அலை கடலுக்குத் திரும்பிப் போவதாக ஆகிவிடும்! கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று பிரித்து, தனித்தனியாக இன்டர்போலேட் செய்து, கடைசியில் கோணமாக மாற்றுங்கள்.

பாகையில் கட்டம் போடுகிறவர்கள் கவனிக்க: இங்கே தீர்க்கரேகையின் 1 பாகை சுமார் 104.5 கிலோமீட்டர், அட்சரேகையின் 1 பாகை 110.7. தூரம் முக்கியமென்றால் மீட்டரில் அளக்கும் வரைபட முறையான யுடிஎம்மின் (UTM) 40 தெற்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு கிரிட் போடுவது நல்லது.

இன்னொன்று, நீங்கள் கொடுக்கும் ஆயத்தொலைவு கட்டத்தின் மூலையா, மையமா? மாற்றிக் கொடுத்தால் 100 மீட்டர் கிரிட் முழுதும் கிழக்கு மேற்கிலும் வடக்கு தெற்கிலும் 50 மீட்டர் நகர்ந்துவிடும். வரிசை வடக்கிலிருந்து தொடங்குகிறதா தெற்கிலிருந்தா என்பதையும் பாருங்கள். தவறினால் தீவின் வடக்கே உள்ள கிராண்ட் பே தெற்கே போய்விடும். ப்ளூ பே கரையோரம் ஒரு புள்ளியை எடுத்து, மாடல் சொல்வதையும் கிரிட் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவை இரண்டும் 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.