விடியும்வரை கூத்து வைப்பவர்களுக்கு

செய்யாறு பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் விழாக்குழுவில் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறேன். கூத்து ஆடும் குழுவை, எங்கள் பேச்சில் ஜமாவை, பேசி அழைத்துவருவது என் பொறுப்பு. "அண்ணா, நாங்களும் ஒரு ராத்திரி கூத்து வைக்கலாம் என்றிருக்கிறோம்" என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையை முடிவு செய்யுங்கள். மகாபாரதக் கதையைப் பல நாள் தொடர்ந்து சொல்லும் பாரத விழா நடக்கும் ஊரில் அந்தச் சிக்கல் இல்லை. பகலில் பிரசங்கியார் சொல்லும் கதையை ஒட்டியே இரவுக் கூத்து நடக்கும். ஒரே ஓர் இரவு வைப்பவர்கள் எதற்காக வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இறந்தவருக்காகக் காரிய நாளில் வைப்பது கர்ண மோட்சம். அர்ச்சுனன் தபசு கேட்டால் தபசு மரம் என்னும் உயரமான கம்பம் நட வேண்டும், அதில் ஏறிப் பாடத் தெரிந்தவர் ஜமாவில் இருக்க வேண்டும். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். அவர்களுக்கு மரத்தடியில் இடம் விடுங்கள்.

பங்குனி முதல் ஆடி வரை நல்ல ஜமாக்களுக்கு நாள் கிடைக்காது. தை மாதமே போங்கள். போனில் பேசி முடிக்க வேண்டாம். ஜமாவை நடத்தும் வாத்தியார் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்துப் பேசுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேளுங்கள். வேஷக்காரர்கள், மிருதங்கம், முகவீணை என்னும் சிறு ஊதுகுழல், ஆர்மோனியம், தாளம் என்று ஒரு வேன் நிறைய வருவார்கள். பேசிய தொகையில் வேன் வாடகையைக் கழித்துத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஒரு பகலுக்குக் கொத்தனார் வாங்கும் கூலியைவிட அது குறைந்தால், நீங்கள் பேரம் பேசியது தவறு. திரும்பப் போய்க் கூட்டிக் கொடுங்கள்.

நோட்டீசில் என்ன பெயர் போடுவது என்பதையும் வாத்தியாரிடமே கேளுங்கள். சிலர் தெருக்கூத்து என்பார்கள். சிலருக்கு அந்தத் 'தெரு' மதிப்புக் குறைவாகப் படுகிறது, கட்டைக்கூத்து என்றே போடச் சொல்வார்கள். வேஷக்காரர்கள் அணியும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. கட்டை என்பது அவற்றைத்தான். கலைஞர் தன் கலையை என்ன பெயரால் அழைக்கிறாரோ அதுவே அச்சில் வரட்டும்.

இனி அனுமதி. பலரும் தடுமாறுவது இங்கேதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. கூத்தோ பத்து மணிக்குத்தான் களை கட்டும். நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விதி எழுதியவர்கள் மனத்தில் விடியும்வரை நடக்கும் ஒரு கலை இருந்திருக்காது. நாங்கள் கண்ட வழி இது: காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து 12 மணி வரை ஒரே ஒரு மைக், அதன்பின் அதுவும் இல்லை. மின்சாரமே இல்லாத காலத்தில் பாடிய பாட்டு இது. உச்சத்தில் பாடும் குரலும் முகவீணையும் சேர்ந்தால் ஐந்நூறு பேருக்குக் கேட்கும், கூட்டம் நெருங்கி உட்கார்ந்தால் போதும். ஆடுகளம் பதினைந்தடிச் சதுரம். பின்னால் மேளக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, மற்ற மூன்று பக்கமும் பாய். வேஷக்காரர் வெறுங்காலில் சுழன்று ஆடுவார். பொழுது சாய்வதற்குள் கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

கூத்துக்கு முன்னால் பாட்டுக் கச்சேரி வைக்காதீர்கள். ஒரு வருடம் நாங்கள் வைத்தோம். கச்சேரி முடிந்தபோது மணி ஒன்று, கூட்டம் எழுந்து போய்விட்டது. துரியோதனன் வேஷக்காரர் மாலை ஏழு மணிக்கு அரிதாரம் பூச உட்கார்ந்தவர். கட்டைகளை உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பிறகு சாயவும் முடியாது, படுக்கவும் முடியாது. கொட்டகைக்குள் முட்டியில் கையூன்றி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோனேன். உதட்டுச் சாயம் கலையாமல் இருக்கக் கழுத்தை நிமிர்த்தி, டம்ளரைத் தூக்கிப் பிடித்துக் குடித்தார். "திரை பிடிக்கச் சொல்லட்டுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு இருபது பேருக்கு முன்னால் திரைக்குப் பின்னிருந்து அவர் பாடி வந்த வரவு, அதாவது வேஷத்தின் முதல் வருகை, கூட்டம் நிறைந்த இரவுகளில் பார்த்ததற்கு ஒரு துளியும் குறைவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி கிடைக்கிறது. கலை இளமணியிலிருந்து கலை முதுமணி வரை வயது வாரியாக மாவட்ட விருதுகள் இருக்கின்றன. ஆனால் அரசு விழா மேடையில் கிடைப்பது பதினைந்து நிமிடம். அதில் திரை விலகி வரவு முடியும், கதை தொடங்காது. விடியும்வரை கேட்கிற ஊர் இருந்தால்தான் ஜமாவில் சேரும் பையனுக்கு முழுக் கதையும் பாடமாகும். அந்த இரவை வாரிய அட்டையோ விருதோ கொடுக்க முடியாது, ஊர்தான் கொடுக்க வேண்டும்.

எட்டு மணிக்குள் சோறு போடுங்கள், இரண்டு மணிக்கு டீ. உடை மாற்றக் கதவுள்ள அறை கொடுங்கள். எங்கள் பக்கம் பெண்களும் இப்போது வேஷம் கட்டுகிறார்கள். நேரமாகிவிட்டது என்று கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள், மங்களம் பாடித்தான் முடிக்க வேண்டும்.

காலையில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் தயாராக இருக்கட்டும். அவர்கள் அரிதாரம் துடைப்பதற்கு முன்பே மீதித் தொகையை வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள். கோயில் முத்திரை குத்திய தாளில் தேதி, கதை, ஆடியவர்கள் பெயர், அவரவர் கட்டிய வேஷம் எல்லாம் எழுதிக் குழுத் தலைவர் கையெழுத்தோடு கொடுங்கள். வாரியத்துக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தாள் உதவும். பெயர்களை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள்.