நான்கு பொடி, ஒரு சோப்பு: வீட்டைச் சுத்தம் செய்ய இவ்வளவு போதும்

சமையலறைக்கு ஒரு பாட்டில், குளியலறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கறைக்கென்று தனியாக இன்னொன்று. சுத்தம் செய்யும் பொருள்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தால் பல வீடுகளில் இதுதான் காட்சி. அந்தத் திரவங்களில் பெரும்பங்கு வெறும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றி, ஏற்கெனவே குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறோம். இலைப்படம் போட்ட 'பசுமை' பாட்டிலுக்கு மாறினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. பாட்டில்களைக் குறைப்பதுதான் முதல் வேலை. இதுவரை பொடி வாங்கிக் கரைத்துப் பழக்கமில்லாதவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: இருப்பதைத் தீர்த்துவிடுங்கள்

ஆர்வத்தில் அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அது தண்ணீருக்கும் கேடு, பொருளும் வீண். ஒவ்வொன்றாகத் தீரட்டும். தீர்ந்த இடத்தில் புது பாட்டில் வாங்காமல் இருந்தால் சரி. நல்ல ஸ்ப்ரே பாட்டில் காலியானால் நன்றாகக் கழுவி எடுத்து வையுங்கள். ப்ளீச் இருந்த பாட்டில் மட்டும் வேண்டாம். காரணம் படி 6-ல் வரும்.

துடைக்கும் துணிக்கும் கடைக்குப் போக வேண்டாம். பழைய பருத்திச் சட்டையைக் கிழித்தால் போதும். மைக்ரோஃபைபர் துணி நன்றாகவே துடைக்கும், ஆனால் அது பிளாஸ்டிக் இழை. துவைக்கும்போதெல்லாம் நுண்துகள்கள் தண்ணீரில் போகும்.

படி 2: அழுக்கு எந்த இனம் என்று பாருங்கள்

எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. வீட்டு அழுக்கில் பெரும்பாலானது இரண்டு இனம்.

ஒன்று, தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் வெள்ளைக் கறை. குழாய், ஷவர், கெட்டிலின் அடி, கண்ணாடிக் கதவு ஆகியவற்றில் படியும் உப்புக்கறை இது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். இது அமிலத்தில் கரையும்.

இன்னொன்று, எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்பைச் சுற்றி, சுவிட்சுகளின் மேல், சட்டைக் காலரில் இருப்பது. இதற்கு அமிலம் உதவாது. காரமும் சோப்பும்தான் வேண்டும்.

உப்புக்கறையைச் சோப்பு போட்டு அரை மணி நேரம் தேய்ப்பவர்களும், பிசுக்கின் மேல் வினிகர் தெளித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் கைவலியோடு முடிப்பது இதனால்தான்.

படி 3: பொருள்களைச் சேருங்கள்

சிட்ரிக் அமிலம். சில கடைகளில் லெமன் சால்ட் என்ற பெயரில் கிடைக்கும். இன்று விற்பனைக்கு வருவது எலுமிச்சையைப் பிழிந்து எடுப்பதில்லை. ஒருவகைக் கரும்பூஞ்சையைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து எடுக்கிறார்கள். 1917-ல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிய வழி அது. வினிகர் செய்யும் வேலையை இதுவும் செய்யும், ஆனால் மூக்கைத் துளைக்கும் வாசம் கிடையாது. பொடி என்பதால் சிறு பொட்டலம் நெடுநாள் வரும்.

சமையல் சோடா. மென்மையான காரம். பாத்திரத்தில் கீறல் விழாமல் தேய்க்கவும் வாடையைப் போக்கவும் உதவும்.

வாஷிங் சோடா. இதுவே பிசுக்கின் எதிரி. சமையல் சோடாவைவிட மிகக் கடுமையான காரம், கையுறை கட்டாயம். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். சமையல் சோடாவை ஒரு ஸ்டீல் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். இடையில் ஓரிரு முறை கிளறிவிடுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, மிஞ்சுவது வாஷிங் சோடா. 100 கிராம் வைத்தால் ஏறக்குறைய 63 கிராம் திரும்பி வரும். எடை இன்னும் அதிகமாக இருந்தால் முழுதாக மாறவில்லை என்று பொருள், மறுபடி உள்ளே தள்ளுங்கள். அலுமினியத் தட்டை எடுக்க வேண்டாம்.

ஆக்ஸிஜன் ப்ளீச். பொட்டலத்தில் சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்கும். துணிக்கு.

கடைசியாக, வாசனையோ நிறமோ சேர்க்காத சாதாரண சோப்பு, கட்டியாகவோ திரவமாகவோ.

எல்லாமே வெள்ளைப் பொடி என்பதால் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டாமல் விடாதீர்கள். பழைய தின்பண்ட டப்பாவில் போட்டு வைப்பது குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து. இயற்கையான பொருள் என்பதால் கண்ணில் பட்டால் எரியாது என்றில்லை. மேல் தட்டில் வையுங்கள்.

படி 4: உப்புக்கறைக்கு சிட்ரிக் கரைசல்

முதலில் கெட்டிலில் ஆரம்பியுங்கள். விளைவு கண்ணுக்குத் தெரியும், அடுத்த படிக்குப் போகத் தெம்பு வரும்.

அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்க வைத்தால் வேகமாகப் போகும் என்று தோன்றும், ஆனால் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் படிவம் உருவாகி அடியில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுப்பது இன்னும் சிரமம். ஊற்றியதும் காதைக் கொடுத்துக் கேட்டால் மெல்லிய பொரிச்சல் சத்தம் வரும். படிவத்திலிருந்து கரியமில வாயு கிளம்பும் சத்தம் அது. முதலில் ஓரங்கள் உதிரும், செதில்கள் மிதக்கும், நடுவில் இருக்கும் தடித்த பகுதி கடைசியில்தான் விடும். சத்தம் நின்றும் படிவம் இருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிய பிறகு பயன்படுத்தலாம்.

ஷவர் தலையைக் கழற்றி இதே கரைசலில் ஒரு மணி நேரம் ஊற விடலாம். குழாய்க்கு, கரைசலில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்து உடனே கழுவுங்கள். நெடுநேரம் விட்டால் மேல்பூச்சு மங்கும்.

மார்பிள், சுண்ணாம்புக் கல், மொசைக் தரை, டைல்களுக்கு நடுவே உள்ள சிமெண்ட் பூச்சு ஆகியவற்றின் பக்கம் அமிலத்தைக் கொண்டு போகவே கூடாது. உப்புக்கறையைக் கரைக்கும் அமிலத்துக்கு மார்பிளும் அதே பொருள்தான், தரையையும் சேர்த்துத் தின்னும். வினிகருக்கும் இதே விதி. அலுமினியம், வார்ப்பிரும்பு இரண்டுக்கும் வேண்டாம்.

கரைசலைக் கொஞ்சமாகவே கலந்துகொள்ளுங்கள். நீர்த்த சிட்ரிக் கரைசலில் நாள் போகப் போகப் பூஞ்சை படரும். பொடியாக இருந்தால் கெடாது.

படி 5: பிசுக்குக்கு வாஷிங் சோடா

ஒரு லிட்டர் சுடுதண்ணீர், ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்பு. கையுறை போட்டுக்கொண்டு துணியை நனைத்து அடுப்பைச் சுற்றித் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை. இந்த இரண்டாவது துடைப்பை விட்டுவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் பூத்து நிற்கும். அலுமினியத்தை இது கறுக்கச் செய்யும், புகைபோக்கியின் வலை எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். பெயின்ட் அடித்த சுவரிலும் மரத்திலும் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தொடருங்கள்.

அடிப்பிடித்த ஸ்டீல் பாத்திரத்துக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு, பத்து நிமிடம் மிதமாகக் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். கரி தானாகக் கழன்று வரும்.

வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து நுரை பொங்க வைக்கும் குறிப்பைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பார்க்க அழகு, அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற உப்பும். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் பலன். சோப்புடன் சிட்ரிக் அமிலத்தைக் கலப்பதும் வீண், சோப்பு உடைந்து வெள்ளைத் திப்பியாகத் திரளும்.

படி 6: எதையும் எதனுடனும் கலக்காதீர்கள்

மேலே சொன்னவை வீண் வேலை. இது உயிருக்கே ஆபத்து. பழைய குளோரின் ப்ளீச் வீட்டில் மிச்சம் இருந்தால் சிட்ரிக் அமிலமோ வினிகரோ அதனோடு சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவத்தோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமீன் வாயு வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். கழிப்பறையில் ஒன்றை ஊற்றிவிட்டு, போகவில்லையே என்று இன்னொன்றையும் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பொடிகள் அழுக்கை எடுக்கும், கிருமிநாசினி அல்ல. அன்றாடத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். வீட்டில் யாருக்காவது தொற்றுநோய் வந்தால் அதற்குரிய கிருமிநாசினியை அதன் லேபிளில் சொன்னபடி பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 7: துணி

வெள்ளைத் துணியில் கறை இருந்தால், வழக்கமான சலவைத்தூளோடு ஒரு மேசைக்கரண்டி ஆக்ஸிஜன் ப்ளீச் சேருங்கள். தண்ணீர் 40 முதல் 60 டிகிரி வரை இருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வாஷிங் சோடாவுமாகப் பிரியும், பெராக்சைடு பிறகு தண்ணீரும் ஆக்ஸிஜனுமாகிவிடும். அந்த ஆக்ஸிஜன் வெளியேற வேண்டும் என்பதால் கரைத்ததை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. துணி மென்மையாக்கியை நிறுத்திவிடலாம். இழைகளின் மேல் அது விடும் பூச்சால் துண்டு தண்ணீரை இழுப்பது குறையும்.

வாசனை இல்லையே என்று வீட்டில் குறை வரும். வரட்டும். சுத்தத்துக்கு வாசனை கிடையாது. எண்ணெய் எதையாவது சொட்டுவிட்டே ஆக வேண்டுமென்றால், பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயைத் தவிருங்கள். பூனைக்கு அது நஞ்சு.

படி 8: வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பாத்திரம் கழுவும் இயந்திரம் போன்றவற்றுக்குத் தயாரிப்புகள் தேவைப்படும். அப்போது முன்பக்கத்துச் சொற்களை விட்டுவிட்டு, சுற்றுச்சூழல் முத்திரையைத் தேடுங்கள். தயாரிப்பாளர் அல்லாத மூன்றாம் தரப்பு சோதித்துக் கொடுக்கும் முத்திரைகளுக்கு ஐஎஸ்ஓ 14024 என்ற தரநெறி உண்டு. ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் (1978) இந்த வகையில் முன்னோடி. வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளின் அன்னப்பறவை முத்திரை 1989-லும், ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை 1992-லும் வந்தன. 'மட்கும்' என்று போட்ட பைகளையும் நம்பித் தோட்டத்து உரக்குவியலில் போடாதீர்கள். இஎன் 13432 என்ற தரநெறி தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டைக் கணக்கில் வைத்தது. வீட்டுக் குவியலில் அந்தச் சூடு தொடர்ந்து நிற்காது.

படி 9: தோட்டத்துக்கு எது போகலாம்

வாஷிங் சோடா, சமையல் சோடா, ஆக்ஸிஜன் ப்ளீச் மூன்றிலும் சோடியம் இருக்கிறது. இவை கலந்த தண்ணீரைத் தொடர்ந்து செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு சேரும், களிமண் இறுகும், இலை நுனி கருகும். வெண்காரம் (போராக்ஸ்) கலந்த தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள போரான் சிறிதளவு கூடினாலே செடியைக் கெடுக்கும். காய்கறி அலசிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் சோப்புக் கரைசல் தெளிக்கலாம். பொட்டாசியம் சேர்ந்த மென்சோப்பை வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 முதல் 20 கிராம் வரை கரைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு ஆகாது. தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்துவிடும், மழைநீர் கிடைத்தால் நல்லது. முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒருநாள் பாருங்கள். கருகாவிட்டால், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். பூச்சியின் உடலில் படும்போதுதான் இது கொல்லும். காய்ந்துவிட்டால் வீரியம் இல்லை. பொறிவண்டின் புழுக்கள் அசுவினியைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள், சோப்பு அவற்றையும் கொன்றுவிடும். சில நாள் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சி மிச்சமிருந்தால் இன்னொரு முறை தெளிக்கலாம்.