துணிப்பை விடயத்தில் நாம் விடும் தவறுகள்

வன்னியில் பல வீடுகளின் கதவு மூலையில், பயிற்சிப் பட்டறைகளிலும் கூட்டங்களிலும் கிடைத்த துணிப்பைகள் ஏழெட்டு ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிக்கப்பட்டுத் தொங்குகின்றன; ஆனாலும் அந்த வீட்டார் சந்தைக்கு வெறுங்கையோடு போய்ப் பொலித்தீன் பையில்தான் மரக்கறி வாங்கி வருகிறார்கள். கைபிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி இலங்கையில் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கையில், இருக்கும் துணிப்பைகளை விட்டுவிட்டு இன்னும் புதிய துணிப்பைகளை வாங்குவதே நாம் விடும் முதல் தவறு என்பேன்.

ஏனெனில் துணிப்பைக்கான பருத்தி விளைய நீரும் உரமும் பூச்சிநாசினியும் வேண்டும். அதை நூலாக்கவும் நெய்யவும் சாயமிடவும் மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். புவி வெப்பமாதலை மட்டும் கணக்கிட்டாலே, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான், ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பொலித்தீன் பைக்கு அது ஈடாகும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போகும் ஒருவருக்கு இது ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டு. இதைக் கேட்டுப் பொலித்தீனே மேல் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். ஏனெனில் வெளியில் வீசப்படும் பைகள் விளைவிக்கும் கேட்டை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை. உணவு வாசத்துக்காகப் பொலித்தீனை விழுங்கிய மாட்டின் வயிற்றில் அது செரிக்காமல் அடைத்துக்கொள்வதை, மாடுகள் தெருவில் மேயும் நம் ஊர்களில் யாரும் ஆய்வு பார்த்து அறிய வேண்டியதில்லை.

துணி போலத் தோன்றுவதெல்லாம் துணியன்று. கடைகளில் விற்கும், தொட்டால் கடதாசி போலச் சரசரக்கும் வண்ணப் பைகள் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளை ஒட்டவைத்துச் செய்யப்பட்டவை. ஓரத்திலிருந்து சிறு துண்டை வெட்டித் தீயில் காட்டினால், பருத்தி சாம்பலாகும்; இது உருகி மணியாகத் திரளும். இத்தகைய பை கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வேலியில் வெயிலில் தொங்கவிட்டால் அது இற்றுப் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் சேரும் என்பதையும், சருகோடு சேர்த்து எரிக்கக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

பை தைக்கப் புதுத்துணி வாங்கத் தேவையில்லை. பழைய சாரமும் கிழியாத சேலைப் பகுதியும் போதும். கைபிடியை வாய் விளிம்பில் மட்டும் தைத்துவிடுவது பலர் செய்யும் பிழை, ஏனெனில் ஐந்து கிலோ அரிசி ஏறியதும் தையல் அங்கேதான் விடும். கைபிடி நாடாவை அடிவரை இறக்கி, பையின் அடியைச் சுற்றி மறுபக்கம் ஏற்றித் தைத்தால் பாரம் முழுவதையும் நாடாவே தாங்கும்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி அதே பையில் மரக்கறியையும் போடுவது உடலுக்குக் கேடு. மீனுக்கு நம் முன்னோர் வைத்திருந்த உமல் என்ற பனையோலைப் பை இன்றும் உகந்தது. மூடியுள்ள வாளியும் ஆகும். மரக்கறிப் பையையும் மண்ணும் ஈரமுமாகச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அடிக்கடி சவர்க்காரமிட்டுக் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் கதவு மூலைக்கு அனுப்பாமல், சைக்கிள் கூடையிலோ மோட்டார் சைக்கிளிலோ அப்போதே வைத்துவிடுங்கள்.