ரிப்பில் கை வைக்க முன்னர்: தட்டுச் சுடுபவர்கள் விடும் பிழைகள்

இயந்திரம் எறியும் தட்டைத் துவக்கால் சுட்டு உடைக்கும் விளையாட்டான களித்தட்டுச் சுடுதல் பற்றி என்னிடம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பெறாமக்களும், தெற்கே போய்ப் பழகும் இரண்டொரு தம்பிமாரும்தான். யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாட்களில் அவர்களுக்குத் தோட்டாவும் இல்லை, தட்டும் இல்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், ஓடாவி வேப்பமரத்தில் செதுக்கித் தந்த மரத்துவக்கை வைத்துத் தோளேற்றிப் பழகுவார்கள். எங்கள் வயதுக்காரர் பழகத் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகளை இவர்களும் ஒன்று விடாமல் விடுகிறார்கள். குழலை ஆட்கள் பக்கம் திருப்பாதே, விசையில் விரல் போடாதே என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியவை. அவற்றை இங்கே எழுதவில்லை.

தட்டுத் தப்பினால் ரிப்பைக் குறை சொல்வது

இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்துகிற பிழை இதுதான். நேரத்தைத் தின்னும், காசையும் தின்னும்.

ரிப் என்பது குழலின் முதுகில் நீளமாக ஓடும் பட்டி. அதன் நுனியில் ஒரு சின்ன மணி, அதாவது பீட், இருக்கும். ரைபிளில் இருப்பதுபோல பின்பக்கக் குறி தட்டுச் சுடும் சொட்கன்னில் கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. அந்தக் கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை, கன்னம் படிகிற மரம் தீர்மானிக்கிறது. அதனால் ரிப்பின் உயரத்தை மட்டும் தனியாக வைத்துக் கதைப்பதில் அர்த்தமில்லை. ரிப்பின் மேற்பரப்புக்கும் கன்னமரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கணக்கு. ரிப் உயர்ந்தால் கன்னமரமும் உயர வேண்டும். உயராவிட்டால் கண் கீழே அகப்பட்டுக்கொள்ளும். தட்டைப் பார்ப்பதற்காக ஆள் தலையைத் தூக்குவார். சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து கூட்டமாகப் பாயும் சிறு குண்டுகள், தட்டுக்கு மேலால் போகும்.

எவ்வளவு மேலால்? கண்ணுக்கும் குழல் நுனிக்கும் இடையில் ஏறக்குறைய 1 மீற்றர் என்று வையுங்கள். தட்டு 35 மீற்றர் தூரத்தில் பறக்கிறது. தலை 10 மில்லிமீற்றர் எழும்பினால் அங்கே சன்னக்கூட்டத்தின் நடு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். தட்டின் விட்டமே 110 மில்லிமீற்றர்தான், பக்கவாட்டில் பார்த்தால் 25 மில்லிமீற்றர் தடிப்பு. தலையை இம்மியளவு தூக்கியது சுட்டவருக்கே தெரிந்திருக்காது.

உயர்ந்த ரிப்புக்கு நியாயமான காரணம் உண்டு. கழுத்தை மடக்காமல் தலையை நிமிர்த்தி வைத்துச் சுடலாம். குழல் கண்ணுக்கு நன்றாகக் கீழே, தோளுக்கு நேராக வருவதால் உதை நேரே பின்னுக்கு வரும், குழல் நுனி குறைவாகத் துள்ளும், இரண்டாவது வெடிக்குக் கெதியாகத் திரும்பலாம். ட்ராப் என்ற போட்டி வகையில் தட்டுகள் எழும்பிக்கொண்டே விலகிப் போவதால் துவக்கைக் கொஞ்சம் உயரமாகச் சுடும்படி அமைத்து, தட்டைக் குழலுக்கு மேலே மிதக்கவிட்டுச் சுடுவார்கள். ஆனால் அது ட்ராப்புக்கு. ஸ்போர்ட்டிங் என்ற வகையில் தட்டு குறுக்கே போகும், விழும், நிலத்தில் உருளும். உயரமாகச் சுடும் துவக்கை அங்கே கொண்டுபோய்ச் சற்றுச் சரித்துப் பிடித்தால், அந்த உயரத்தில் ஒரு பங்கு பக்கவாட்டுப் பிழையாக மாறிவிடும்.

ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன் ஒருவன் போட்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, உயர்ந்த ரிப் வைத்த பழைய ட்ராப் துவக்கு ஒன்றை வாங்கினான். அவன் சுடுவதோ ஸ்போர்ட்டிங். தட்டுக்கு மேலால் போகிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கன்னமரத்தைச் சீவுவித்தான். பிறகு கீழால் போகிறது என்றார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மரத்துவக்கைக் கையில் கொடுத்து, “தம்பி, கண்ணை மூடித் தோளேற்று, பிறகு திற” என்றேன். ஒவ்வொரு முறையும் கண் வேறு வேறு இடத்தில் நின்றது. ஒருமுறை பட்டியின் நடுவில், ஒருமுறை அதற்கு மேலே, ஒருமுறை இடப்பக்கம். துவக்கு தோளுக்கு வந்த பிறகு அவன் தலையைச் சாய்த்து மரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவனுக்கு எந்த ரிப்பும் எந்த மரமும் பொருந்தாது, ஏனென்றால் பொருத்துவதற்கு ஒரு நிலையான கண் அங்கே இல்லை. சீவிய மரம் திரும்பி வருமா?

ஒழுங்கு இதுதான்: தலை அசையாமல் நிற்க, மரம் கன்னத்துக்கு ஏறி வரவேண்டும். கன்னத்தில் முதலில் படிந்து, அதே அசைவில் பிடங்கு, அதாவது துவக்கின் பின்முனை, தோளில் அமர வேண்டும். கண்ணை மூடி ஏற்றித் திறந்தால் எப்போதும் ஒரே காட்சி தெரிகிற வரைக்கும் துவக்கில் எதையும் மாற்றாதீர்கள். அதற்குப் பிறகு, அனுமதியுள்ள சுடுதளத்தில் பெரிய வெள்ளைக் கடதாசியில் ஒரு புள்ளியிட்டு, 15 மீற்றரளவில் நின்று அந்த ஒரே புள்ளிக்குப் பல வெடி வைத்துப் பாருங்கள். சன்னம் எங்கே கூடுகிறது என்று கடதாசியே சொல்லும். புள்ளிக்குக் கீழே கூடினால் கன்னமரத்தின் மேல் பிளாஸ்டரை ஒவ்வொரு படையாக ஒட்டி ஏற்றுங்கள். ஒட்டியதை உரித்துவிடலாம். வெட்டுவது கடைசி வேலை.

குழலைத் தட்டு வெளிவரும் வாசலிலேயே நிறுத்துவது

தட்டு அங்கேதான் வரும், ஆகவே அங்கேயே காத்திருப்போம் என்று நினைக்கிறார்கள். தட்டை விடச் சொல்லிக் கூப்பிட்டதும் அது அவர்களைத் தாண்டிவிடும், பிறகு துரத்தல்தான். ஸ்கீட் என்ற வகையில், தட்டு வெளிவரும் கூண்டுக்கும் தளத்தின் நடுக்கம்பத்துக்கும் இடையில், கூண்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் குழலை நிறுத்துவது பழகுபவருக்குப் போதும். கண் மட்டும் குழலை விட்டுக் கூண்டுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ட்ராப்பில் இரண்டு கண்ணும் திறந்து சுடுபவர் குழலைச் சற்று உயர்த்தி நிறுத்தலாம், தட்டு குழலுக்குப் பின்னால் வந்தாலும் மற்றக் கண் பிடித்துவிடும். ஒரு கண்ணால் சுடுபவர் அப்படி நிறுத்தினால் தட்டு குழலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அவர் தாழ்த்தி நிறுத்த வேண்டும். மற்றவரின் பிடி உயரத்தைப் பார்த்துப் பிடிக்கவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ட்ராப் பழக்கத்தோடு ஸ்கீட்டுக்குப் போவது

ட்ராப்பில் துவக்கைத் தோளேற்றி வைத்துக்கொண்டே கூப்பிடலாம். ஒலிம்பிக் ஸ்கீட்டில் தட்டுத் தெரியும்வரை பிடங்கு இடுப்பளவில் நிற்க வேண்டும், கூப்பிட்ட பிறகு தட்டு 3 விநாடி வரை தாமதித்தும் வரலாம். முதல் அரை விநாடியிலேயே தோள் துடிக்கிற பிள்ளைகளை விறாந்தையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். நான் சொல்லும் வரை அசையாமல் நிற்கப் பழக்குவதுதான் மருந்து.

“ஒரு கண்ணை மூடு”

வன்னியில் வேட்டையாடிய பெரியவர்கள் சொல்லித் தருவது. அசையாமல் நிற்கும் இலக்குக்குச் சரி. பறக்கும் தட்டின் தூரத்தையும் வேகத்தையும் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். எது ஆளும் கண் என்று முதலில் பாருங்கள்: கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கிடையில் சிறு துவாரம் விட்டு, தூரத்துத் தென்னை ஒன்றை அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண் மூடினால் தென்னை மறைகிறதோ, அது ஆளும் கண். அது துவக்கேற்றும் தோளுக்கு எதிர்ப்பக்கம் என்றால் தோளை மாற்றுவது பற்றி இப்போதே யோசியுங்கள். ஆண்டுக்கணக்காகச் சுட்ட பிறகு மாற்றுவது பெரும் பாடு.

பீட்டைப் பார்ப்பது

வேண்டாம். தட்டைப் பாருங்கள். பீட்டைப் பார்த்த கணத்தில் குழல் நின்றுவிடும்.

முன்கையின் இறுக்கம்

முன்கை வழிகாட்டும் கை. இறுக்கினால் தோள் கட்டிப்போகும்.

மரத்துவக்கோடு வெளியே போவது

ஒழுங்கைக்குக்கூடக் கொண்டு போகாதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மரம் என்று தெரியாது. வீட்டுக்குள்ளே, சுவரும் கூரையும் சேரும் கோட்டில் குழல் நுனியை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஓடவிட்டபடி தோளேற்றுங்கள். நுனியில் சின்ன டோர்ச் ஒன்றைக் கட்டினால் வெளிச்சம் கோட்டை விட்டு இறங்குவதும் ஏறுவதும் தெரியும். பத்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும்.